மூன்றாவது கோடு

அன்புத் தங்கை சிட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று வாராவாரம் போனில் சொல்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வீட்டுக்கு அனுப்பாமல், நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் அறையில் யாராவது கிண்டல் செய்தால், அக்காவுக்கு எழுத வேண்டும் என்று கை அரித்ததாம் என்று சொல்லிவிடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தேவலையானதை எங்களிடம் மறைத்துவிட்டு, மாடிக்கு ஏறித் துணி காயப்போடும்போது மாட்டிக்கொண்டாள். உன் மாமா சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார். ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ விட்டுப்போன பச்சைக் குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மழைக்கு யார் கை வைத்தாலும், "அது சிட்டுவோடது, வைங்க" என்கிறாள் அம்மா.

எங்கள் துணைமின் நிலையத்துக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. மின்சாரம் கொடுத்த நொடியே ரிலே அதைத் துண்டித்துவிட்டது. ரிலே உனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தும் நான் புலம்புவேனே, அந்தக் காவல்காரப் பெட்டி. கோளாறு என்று பட்டால் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பை வெட்டிவிடும். வெட்டியது நியாயமா என்று பார்ப்பது என் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் முதல் தடவை மின்சாரம் வாங்கும்போது அளவுக்கு மீறி இழுக்கும். உள்ளே ஏதோ எரிவது போலவே தெரியும். ஆனால் அது வெறும் பதற்றம், தானாகத் தணிந்துவிடும். ஒவ்வொரு பதற்றத்துக்கும் வெட்டினால் ஊர் இருட்டில் கிடக்கும். கோளாறைப் பதற்றம் என்று விட்டுவைத்தால் உள்ளே எல்லாம் கருகிப்போகும்.

எங்கள் ஷிப்ட் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், இது மாப்பிள்ளை முறுக்கு. வந்த புதுசுல கொஞ்சம் துள்ளும், அப்புறம் அடங்கிடும். ரிலேயோட காதைக் கொஞ்சம் பொத்தி விடுங்க, மறுபடி போட்டுப் பார்க்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ரிலேயின் அளவைத் தளர்த்தக் கையும் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் உன் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டு, ரிலேயில் பதிவாகியிருந்த மின்னோட்டக் கோடுகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கம்பிக்கு மூன்று கோடுகள். இரண்டு, ஆளை மிரட்டும் உயரத்துக்கு எழும்பி, அலைக்கு அலை தணிந்துகொண்டே வந்தன. மூன்றாவது அவ்வளவு உயரம் போகவில்லை. அதனாலேயே யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் அது தணியவும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயை இறக்கிவிட்டு உள்ளே பார்க்கச் சொன்னேன். அவசரம் முணுமுணுத்துக்கொண்டே ஆட்களைக் கூப்பிட்டார். ஒரு சுருளைச் சுற்றிய காகிதம் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கருகியிருந்தது. வண்டியில் வரும்போதே அடிபட்டிருக்க வேண்டும். அதன்பிறகு அவசரம் எனக்குத் தேநீர் வாங்கிவந்து, சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

சிட்டு, கல்யாணமான முதல் மாதம் நீ போனில் எல்லாவற்றுக்கும் அழுதாய். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஜன்னலைத் திறந்தால் சுவர், மாமியார் கரண்டியை ஒளித்துவைக்கிறார். அம்மா, "புது இடம், புது மனுஷங்க, போகப்போகப் பழகிடும்" என்றாள். நானும் அதையே சொன்னேன். அப்படியே நடந்தது. அழுகை நின்றது. கரண்டிக் கதையைச் சொல்லி நீயே சிரித்தாய். நாங்களும் நிம்மதியாகிவிட்டோம்.

ஆனால் வேறொன்றும் அன்றைக்கே இருந்தது. நான் எதைக் கேட்டாலும், பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கிறாயா நீ? இப்போது யாருடைய முகத்தையோ பார்த்துவிட்டுப் பேசுவது போலப் பேசுகிறாய். போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. நாற்காலி நகர்வது எனக்குக் கேட்கிறது. போன வாரம், எப்போது வருகிறாய் என்று கேட்டேன். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அதற்குப் பிறகுதான் நீ "பார்க்கலாம்க்கா" என்றாய். அழுகை நின்றுவிட்டது. இந்த இடைவெளி குறையவில்லை.

நான் தப்பாகவும் கணித்திருக்கலாம். மாப்பிள்ளைக்கு உன்னைவிட்டு நகர மனமில்லாமல் இருக்கலாம். வீடு சின்னதாக இருக்கலாம். தூரத்தில் உட்கார்ந்து, கோட்டைப் பார்த்து, வெட்டு என்று சொல்வது என் உத்தியோகம். உன் விஷயத்தில் அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. உள்ளே இருப்பவள் நீ, நீதான் சொல்ல வேண்டும். ஆனால் போகப்போகப் பழகிடும் என்றேனே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழகிக்கொள்ளவே கூடாத விஷயங்களும் இருக்கின்றன.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். எழுந்துபோய், உன் தலையணை உறையை உருவித் துவைத்துப் போட்டாள்.

படித்ததும் கிழித்துவிடு. விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். அடுத்த முறை போனில், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, "அக்கா, என் பச்சைக் குடை அங்க இருக்கா?" என்று மட்டும் கேள். "இருக்குடி, எடுத்துட்டு வர்றேன்" என்பேன். நானும் மாமாவும் அன்றைக்கே கிளம்பிவிடுவோம். குழாய் ஒழுகினால் ஒழுகட்டும்.

எல்லாம் நல்லபடியாக இருந்தால் கேட்காதே. குடை ஆணியிலேயே தொங்கட்டும், அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை. எந்த வீட்டில் இருந்தாலும், யார் பேசினாலும் குறுக்கே பாய்கிற அந்தச் சிட்டுவாகவே நீ இருக்க வேண்டும்.

போனைக் கையைவிட்டு இறக்காமல் காத்திருக்கும்
உன் அக்கா