பாலைவனத்தில் நான் கூப்பிட்ட பெயர்

கெர்மான்,
வெள்ளிக்கிழமை

என் கண்ணான நெகாருக்கு,

இங்கே நானும் உன் பெரியம்மாவும் என் முழங்கால் வலியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம். அங்கே கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், சொல்ல வந்ததை நான் விழுங்கிவிடுவேன், அதனால்தான்.

புகைப்படக் குழுவோடு நான் ஷாஹ்தாத் பாலைவனத்துக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். இருட்டோடு கிளம்பி மலையைத் தாண்டி, சூரியன் எழும்பும் முன் அங்கே நிற்க வேண்டும். காற்று செதுக்கிய அந்த மண்மேடுகளின் விளிம்பில் முதல் வெயில் படும்போது எடுத்தால்தான் படம், கொஞ்சம் அசந்தால் எல்லாம் வெளுத்துவிடும். பெரியம்மாவோ, "மண்ணைப் படம் எடுக்க இந்நேரத்துல போகணுமா, மண்ணு எங்கடி ஓடிடப் போகுது?" என்று வாசல்வரை வந்து திட்டிவிட்டு, பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்து அனுப்புவாள்.

போன மாதம் மழை பெய்து மேடுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கியிருந்தது. அபூர்வமான காட்சி. தண்ணீரில் மேடுகள் தலைகீழாகத் தெரிவதை எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கண்ணாடிக் கடை ஹெஷ்மத், அப்பாவுக்குக் கடைசியாக மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தாரே, அவரும் எங்கள் குழுதான், இதற்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். எனக்கு நிழல்தான் பிடிக்கும். நீளமான ஒரு நிழலைத் தொடர்ந்து ஒரு மேட்டைச் சுற்றினேன், பிறகு இன்னொன்றை. திடீரென்று காற்று கிளம்பிப் புழுதி எழுந்தது, உதித்த சூரியனே மறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லா மேடும் ஒரே மாதிரி. பயத்தில் கத்தினேன். நெகார், என் வாயில் வந்தது அப்பா பெயர் இல்லை. அவர் போன பிறகும் கால் இடறினால், கரண்ட் போனால், "பர்வீஸ்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு "ஹெஷ்மத்" என்று கூப்பிட்டேன். வழி தெரியாத பயத்தைவிட அது பெரிய பயமாக இருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்தார். காமிராவை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், அது காற்றில் சாய்ந்து லென்ஸ் முழுக்க மணல் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. "இத்தனை வருஷம் பூகோளம் நடத்தின டீச்சரம்மாவுக்குக் கிழக்கு எந்தப் பக்கம்னு தெரியலையா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

போன வாரம் பூவும் இனிப்புப் பெட்டியுமாக வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த பெரியம்மா, "எங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே, யாரைப் பொண்ணு கேட்டு வந்தீங்க?" என்றாள். "உங்க தங்கச்சியை" என்றார். "மாப்பிள்ளை எங்கே?" "நான்தான்." பூவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். நான் போய்த் திறந்தேன். அவர் போன பிறகு, "ஊரு சிரிக்கும்டி" என்றாள். "சிரிக்கட்டும், இந்த வீட்டுலயும் யாராவது சிரிக்கணும்ல" என்றேன்.

மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் அவரிடம் முதலில் சொன்னேன். யோசித்தபோது அது சரியாகப் படவில்லை. வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்கு உன்மேல் வருத்தம் வரும், சரி என்று சொன்னால் அப்பாவுக்குத் துரோகம் செய்ததாக நீ குமைவாய். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். நானே முடிவெடுத்துவிட்டேன், நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்ததும் கல்யாணம். அப்பா படம் கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹெஷ்மத்திடம் சொன்னேன், "அதுல அவரு போட்டிருக்கிறது என் கடைக் கண்ணாடிதானே, இருக்கட்டும்" என்றார்.

கோபம் வந்தால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பெரியம்மா இப்போது தோளுக்குப் பின்னால் நின்று, கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள உன்னிடம் நல்ல செருப்பு கேட்கச் சொல்கிறாள். தைராய்டு மாத்திரையைத் தவறவிடாதே. கடவுள் உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். உன் கல்யாணத்தன்று உன் தலைக்கு மேல் பிடித்த வெள்ளைத் துணியில், வாழ்க்கை இனிக்கட்டும் என்று நான் சர்க்கரைக் கட்டிகளைத் தேய்த்தேன். என் தலைக்கு மேல் தேய்க்க நீ வர வேண்டும்.

உன் அம்மா
அக்தஸ்