வெந்நீரில் நிமிர்ந்த சீப்பு

தங்கச்சி,

இன்று கோயிலில் சூடம் ஏற்றினார்கள். அந்த வாசம் பட்டதும் கும்பிட்ட கையை இறக்கிவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். உன் சீப்பைத் தேய்த்தால் வருமே, அதே வாசம்.

அலோர் காஜா டவுன் கடையில் நீயே பார்த்துப் பொறுக்கிய சீப்பு. மஞ்சளும் பழுப்புமாக மினுங்கும். கொண்டையில் செருகிக்கொண்டு, "கொம்புச் சீப்பு மாதிரியேதான் இருக்கு, ஆனா பாரமே தெரியலக்கா" என்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாய்.

"போதும்டி, கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

ஒருநாள் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து வளைத்துவிட்டாய். அழுவாய் என்று நினைத்தேன். நீயோ அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாய். இளகியதை எடுத்துக் கையால் நிமிர்த்தினாய். ஆறியதும் பழையபடி விறைத்துக்கொண்டது. "பாத்தியா? கொதிதண்ணியே ஒண்ணும் பண்ணல. இனிமே இதுக்குச் சாவே இல்ல!" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் ரப்பர்ப் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உலை வைத்தாய். விறகு ஈரம். அடுப்பில் குனிந்து ஊதியிருக்கிறாய். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு நுழைகிறேன், உன் கொண்டையில் சீப்பு இருந்த இடத்தில் தீ நிற்கிறது. குடத்தைக் கவிழ்த்தேன். சாக்கைப் போட்டு அமுக்கினேன். அதற்குள் சேலை முழுதும் பற்றிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உன்னைத் துணியால் மூடிய பிறகு மருந்து கட்டுகிற டிரெசர் ஐயாவைப் பிடித்துக்கொண்டேன். "கொதிதண்ணியில போட்டும் கெடாத சாமான்யா அது. எப்படிங்கய்யா எரியும்?"

யாழ்ப்பாணத்து மனுஷர், மெதுவாகத்தான் சொன்னார். "வெந்நீரிலை மாறினது அதின்ரை உருவம் மட்டும்தான், பிள்ளை. சாமான் அதே சூடம் கலந்த சாமான்தான். நிறம், பாரம், வளையிறது எல்லாம் அது இருக்கேக்கையே பாக்கலாம். எரியிற குணம் அப்பிடியில்லை. எரிஞ்சால்தான் தெரியும். தெரியேக்கை சாமான் இராது."

மறுவாரம் அடுத்த வீட்டு முனியம்மா தலையில் அதே மாதிரிச் சீப்பு. பிடுங்கி அடுப்பில் போட்டேன். குபீரென்று எழுந்து அடங்கியது. "இவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்று கத்தினாள். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் கொண்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு என்ன ஆறுதல் அதில்? முன்னாடியே உன் சீப்பைப் பிடுங்கி இப்படி அடுப்பில் போட்டிருக்கக் கூடாதா?

நீ இருந்தவரை நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும் என்றிருந்தேன். வாய்க்காரி, பாடுபடுகிறவள், எதையும் தாங்குகிறவள். நீ இல்லாமல் நான் என்ன ஆவேன் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

இப்போதும் விடிந்தால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கிறோம். கங்காணி என் பேரைக் கூப்பிடுகிறார். "இருக்கேங்க" என்கிறேன்.

பொய் சொல்கிறேன், தங்கச்சி.