மாறாத தடம்

ஹாமர், பிப்ரவரி 1909

அன்பு ஸிக்னே,

பேப்பரைப் பார்த்து அழாதே. பத்தாயிரம் மீட்டர் சறுக்குப் பந்தயத்தில் நடுவர் என்னை வெளியே அனுப்பியது உண்மைதான். சுற்றுக்கு ஒருமுறை உள்தடத்தில் வருபவனும் வெளித்தடத்தில் வருபவனும் இடம் மாறவேண்டும். ஒன்பதாம் சுற்றில் நான் மாறவில்லை.

"ஏண்டா, பன்னிரண்டு வருஷமா பனியில சறுக்குறே, தடம் மாற மறந்துட்டியா? எங்க வீட்டுக் குதிரைகூட மறக்காதுடா!" என்று கூடச் சறுக்கிய ஹால்வோர் ஊரே சிரிக்கும்படி கத்தினான். நானும் சிரித்தேன். பிறகு அவனே காபி வாங்கிக் கொடுத்தான்.

எட்டாம் சுற்றிலேயே இடது கை மரத்துப்போயிருந்தது. குளிர்தான் என்று நினைத்தேன். வலது கைக்கும் அதே குளிர்தானே? பிறகு நெஞ்சும் இறுகியது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எல்லோரும் பரிதாபப்பட்டிருப்பார்கள். சிரிப்பை என்னால் தாங்க முடியும். மாறும் இடம் வந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நேரே போனேன். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

இப்போது கை சரியாகிவிட்டது. நேற்று நன்றாகத் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று!

நீ சொன்ன டாக்டரிடம் போகலாம், இனி சண்டை போடமாட்டேன். கதவுக்குப் பின்னால் என் சறுக்குக் காலணி தொங்கும் ஆணி இருக்கிறதே, அதில் இனி உன் சால்வையை மாட்டிக்கொள்.

உன் வீட்டுக்காரன்