சர்க்கரை போடாத புட்டிங்

எல்சாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோத்தகிரியில் கொண்டுவந்து விட்ட பிள்ளை வாசலிலேயே வாந்தி எடுத்தாள். “கல்லட்டி மலை ரோட்டு வளைவு ஒத்துக்கலைங்க” என்று சொல்லி ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை நானூற்று இருபது.

என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். “இட்லி மட்டுந்தானுங்க” என்றே சொன்னாள்.

நான் போனில் கேட்டபோது நீங்கள் பெருமையாகவே சொன்னீர்கள். “ராகி புட்டிங் செஞ்சேன். இனிப்புக்குப் பேரீச்சம்பழமும் வாழைப்பழமுந்தான். சர்க்கரையே போடலை, அதனால மத்தியான இன்சுலின் ஊசியும் போடலை.” மசினகுடி ரிசார்ட்டில் பத்து வருடமாகச் சமைக்கிறீர்கள். பழமும் அவள் உடம்பில் சர்க்கரைதான் என்று டாக்டர் விளக்கிய அன்று நீங்கள் எங்களோடு இல்லை.

மறுநாள் அவள் கண் விழித்ததும், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“அப்பாவ இனி வர வேண்டாம்னு சொல்லிருவீங்க” என்றாள்.

அதைத்தான் சொல்ல இருந்தேன்.

வருகிற ஞாயிறு இங்கே வாருங்கள். என் அடுப்பில், என் கண் முன்னால் அந்தப் புட்டிங்கைச் செய்யுங்கள். நான் அளவு பார்த்து ஊசி போட்ட பிறகு அவள் சாப்பிடட்டும். அவள் சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுங்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற ஒரு எட்டு வயதுப் பிள்ளை தன் உயிரைப் பணயம் வைத்துப் பொய் சொல்லக் கூடாது.

அவளுடைய அம்மா