ஐஸ்லாந்து வெந்நீரும் உங்கள் மகளும்

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போன அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எல்லோரும் சுகம். என் மகன் பிரபு பழையபடி ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். பேத்தி மீரா உங்களைப் போலவே மூக்கைச் சுளித்துக்கொண்டு உப்புமா சாப்பிடுகிறாள். உங்கள் மகள் வித்யாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போன அன்று அவளால் திருச்சிக்கு வர முடியவில்லை. கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தது. இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். உங்களைக் குளிப்பாட்டி எடுத்துப்போனதை அவள் போனில்தான் பார்த்தாள். அழவில்லை. பார்த்து முடித்ததும் ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து உங்கள் பேச்சையே எடுப்பதில்லை.

இந்த வருஷம் கார்டு கைக்கு வந்தது. திருச்சிக்கு டிக்கெட் போடலாம் என்றான் பிரபு. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எதிர்வீட்டில். இவள் மாட்டேன் என்றாள். ஐஸ்லாந்து போகலாம், அங்கே பூமியிலிருந்தே வெந்நீர் வருகிறது என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் வீட்டைத் திறந்து பார்க்காத பெண், பனித்தேசத்துக்கு வெந்நீர் பார்க்கப் போகிறாளாம். கேட்டே விட்டேன். அங்கே தன்னை யாருக்கும் தெரியாது, அதனால்தான் என்றாள். இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

நான் மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேனா? கல்யாணத்தன்று முதல் பந்தியில், இலையில் உப்பும் பச்சடியும் வைத்த பிறகு, யாரோ பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று என் அக்காவை எழுப்பிவிட்டார்கள் உங்கள் வீட்டார். நீங்கள் அரக்குப் பட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இனி உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அப்போதே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மிதிக்கவும் இல்லை. மீரா பிறந்தபோது நாம் இருவரும் இங்கே ஒரே அடுப்பில் சமைத்தோமே, அப்போதும் நான் அதை விடவில்லை, நீங்களும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சரி, ஊரைச் சொல்கிறேன். நெவார்க்கில் விமானம் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிட்டோம். கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லை. எரிமலை கக்கி ஆறிப்போன கறுப்புக் கல், அதன் மேல் பழைய வெல்வெட் ரவிக்கைத் துணி மாதிரி பாசி. ஓரிடத்தில் நெல் அவிக்கிற கொப்பரை போலத் தரையே கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் யார் அடுப்பெரிக்கிறார்களோ.

குற்றாலம் குற்றாலம் என்று என்னிடம் அளப்பீர்களே, அங்கே ஒரு அருவிக்குப் பின்பக்கமாகவே நடந்து போய் வரலாம். ஆனால் ஒருத்தரும் தலையைக் கொடுப்பதில்லை. பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நனைந்த ஜாக்கெட்டோடு வித்யா மட்டும் அங்கே ரொம்ப நேரம் நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாள் வெந்நீர்க் குளம். பூமிக்குள்ளிருந்து சுடச்சுட வருகிற தண்ணீர் என்றார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. பெட்டியில் கொண்டுபோயிருந்த நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலை நிறையத் தேய்த்துக்கொண்டு, மேலே ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குளத்தில் இறங்குமுன் பெண்கள் எல்லோரும் ஒரு பொது அறையில், உடம்பில் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். மேற்பார்க்க ஒரு அம்மாள் நிற்கிறாள். வித்யாவுக்கு முகம் செத்துப்போனது. ஆற்றில் பத்துப் பேரோடு குளித்து வளர்ந்த எனக்கே கொஞ்சம் யோசனைதான். மீரா மட்டும் "இட்ஸ் நார்மல் பாட்டி" என்று சொல்லிக் குளித்துவிட்டு, அப்பாவைத் தேடிக் குளத்துக்கு ஓடிவிட்டாள். அந்த அம்மாள் கிட்ட வந்து என் தலையை மோந்தாள், குழாயைக் காட்டினாள். எண்ணெய் போகாமல் உள்ளே விட மாட்டாளாம்.

"என்ன அத்தை, இங்க யாராவது எண்ணெய் தேச்சுட்டு வருவாங்களா?" என்று பல்லைக் கடித்தாள் வித்யா.

"வெந்நீருக்கு வேற எதுக்குடி வருவாங்க?"

சிரித்துவிட்டாள். என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து ஷாம்பு போட்டாள். நல்லெண்ணெய் லேசில் போகுமா? மறுபடி போட்டுத் தேய்த்தாள். திடீரென்று கை நின்றது.

"எங்கம்மா தலையில எண்ணெய் சீயக்காய் வைக்க நான் இல்ல அத்தை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வச்சாங்க. நான் போன்ல பாத்துட்டு நின்னேன்."

செத்தவர்களுக்குப் பெற்ற பெண் வைக்கிற எண்ணெயை, உயிரோடு இருக்கிற என் தலையைத் தேய்த்துக்கொண்டே நினைக்கிறாள். சகுனம் பார்க்கிறவள் நான், உங்களுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஒரு அறை விட்டிருப்பேன். ஆனால் அவள் நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது. அவள் தேம்புவது என் எலும்பில் தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அழுத்தித் தேய். இன்னும் எண்ணெய் போகல" என்றேன்.

தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். மேற்பார்க்கிற அம்மாள் ஒரு துவாலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் புறமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

அப்புறம் கழுத்தளவு வெந்நீரில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிரபுவும் மீராவும் எதிர்க்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்குத் தனியாகப் போக முடியாது என்று வித்யா தானாகவே பேச்சை எடுத்தாள். பிரபுவோடு போனால், இவள் அழுவதைப் பார்த்து அவன் பயந்துவிடுவானாம்.

"நான் வரேன்" என்றேன்.

"நீங்க அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்களே அத்தை."

"உங்கம்மாகிட்ட சொன்னேன். உன்கிட்ட சொன்னேனா?"

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் அக்கா பசியோடு பஸ் ஏறியது எனக்கு மறக்காது. அது நம் இருவருக்குள் இருக்கட்டும், இவளுக்கு அதில் பங்கில்லை.

தை மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. எதிர்வீட்டில் சாவி வாங்கி முதலில் நான் உள்ளே போகிறேன். ஜன்னலைத் திறந்து, வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டு அப்புறம் அவளைக் கூப்பிடுகிறேன். உங்கள் கட்டிலில் அவள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும். போதும் எழுந்திரு என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாரையும் சொல்ல விடவும் மாட்டேன்.

உங்கள் பேத்திக்கு இன்னொரு பாட்டி,
உங்களுக்கு என்றைக்கும் சம்பந்தி,
நாகம்மாள்