சமக்குறிகள் நேராக நின்றன

ஜூலை 8, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. ஹட்டன் பஸ்ஸில் நின்றபடிதான். டைப்பிங் கடையில் டியூஷன் கணக்கு சேரின் மாதிரி வினாத்தாள் வேலை. உயர்தர வகுப்புக்கு, சனிக்கிழமை பரீட்சை. கடைசிக் கேள்வி உயிரை எடுக்கிறது. ஒன்றின்கீழ் ஒன்றாக ஆறு வரிச் சமன்பாடு, சமக்குறி எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கூட வேலை செய்கிற கோகிலா என்றால் ஸ்பேஸ் தட்டித் தட்டி ஒப்பேற்றிவிடுவாள். எனக்கு அது ஆகாது. Tab கீ வைத்துத்தான்.

மத்தியானம் கரண்ட் போனது. பென்டிரைவில் இருந்ததை நோர்வூட் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வீட்டு லெப்டொப்பில் கிரேக்க எழுத்துரு இல்லை. θ வர வேண்டிய இடத்தில் q, α-க்கு a. தட்டிய எழுத்து அப்படியே தெரியும். கடையில் திறந்தால் சரியாகிவிடும். வரிகளை மட்டும் நேராக்கினேன். தங்கச்சி வினோ கேட்காமலே தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அதிசயம். அவளும் சேரின் வகுப்புதான், எட்டிப் பார்க்காதே என்று விரட்டினேன்.

வாங்க: டோனர், வினோவுக்கு இருமல் மருந்து.

ஜூலை 13, ஞாயிறு
தூறல். சேர் குடையைக்கூட மடக்காமல் கடைக்குள் வந்தார். பரீட்சைக்கு முதல் நாளே பாதி வகுப்பிடம் வினாத்தாள் இருந்ததாம். டைப் செய்த இடத்திலிருந்துதான் போயிருக்கிறது, இனி இந்தக் கடைக்கு வேலை இல்லை என்றார். அந்த வேலை போனால் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்குத்தான்.

யாரும் கேட்கவில்லை, கோகிலாவே முந்திக்கொண்டு, "நான் பென்டிரைவத் தொடவே இல்லீங்க சேர்" என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை! பிரிண்ட் எடுத்தது அவள். அவளுடைய அக்கா மகன் அந்த வகுப்பு. என் தங்கச்சியும்தான், ஆனால் அது வேறு.

ஜூலை 14, திங்கள்
முதலாளி தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பிரிண்ட் எடுத்தது யார், அக்கா மகன் யார், எல்லாம் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே. சாப்பாட்டு நேரத்துக்குள் கோகிலாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது என்னிடம், "நீங்களுமாக்கா?" அவ்வளவுதான். நல்லா நடிக்கிறாள் என்று நினைத்தேன். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வினோ இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சைக் களைப்பாக இருக்கும்.

ஜூலை 16, புதன்
மழை விட்டிருந்தது. சேர் ஒரு பையனிடமிருந்து பிடுங்கிய பிரதியை மேசையில் போட்டார். கடைசிக் கேள்வியைத்தான் முதலில் பார்த்தேன். காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு வரிசையாக நிற்கிற ஆட்கள் மாதிரி சமக்குறிகள் ஒரே கோட்டில். என் வேலை. சந்தோஷப்படப் போனேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. தாள் முழுக்க θ ஒன்றுகூட இல்லை. q. எல்லா இடத்திலும் q. α இருக்க வேண்டிய இடமெல்லாம் a.

கடை மெஷினில் இப்படி வரவே வராது.

பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வினோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரதியை நீட்டினேன். மறுக்கவே இல்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் லெப்டொப் திரையைப் போனில் படம் பிடித்தாளாம், ஒரே ஒரு கூட்டாளிக்குத்தான் அனுப்பினாளாம்.

"நீ டைப் பண்ணித் தர்றதப் படிச்சு டவுன் புள்ளைக எல்லாம் கெம்பஸ் போறாங்க. நான் மட்டும் இந்தத் தோட்டத்து லயத்துலயே கெடக்கணுமா?"

அறைந்துவிட்டேன். கை இன்னும் எரிகிறது. சேரிடம் சொன்னால் இவள் வகுப்பு போகும், படிப்பே போகும். அதற்காக, அந்தப் பிள்ளை கோகிலா திருடி என்ற பெயரோடு கிடக்கட்டுமா?

கோகிலாவுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

"என்னக்கா, ஆளக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

"யாரு?"

வினோ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.