அட்டைப்பெட்டிக்குள் ஒரு தெரு

என்னங்க, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பழைய ஊருக்கே போய்விடலாம் என்று நேற்றும் சண்டை போட்டீர்களே, அதற்காகப் பத்திரப்படுத்திய அட்டைப்பெட்டிகளை நம் வாலுப் பெண் வெட்டிவிட்டாள். கத்தரியும் கையுமாக அலைந்தது இதற்குத்தான். திட்டாதீர்கள். முதலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவள் உருவம் உருவமாக வெட்டியிருக்கும் பெரிய பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு வையுங்கள். சுவர் முழுக்க நம் புதுத் தெரு எழுந்து நிற்கும். பஸ் நிறுத்தம், மாடிப்படி, எதிர்வீட்டுப் பூனையின் மீசைகூட! "இங்க எதுவுமே பிடிக்கல" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் இதையெல்லாம் எப்போது பார்த்தாள்?

பி.கு.: நம் ஜன்னலில் இரண்டு தலைகள் ஒட்டி நிற்கும். யாரென்று கேட்டேன்.

"நீயும் அப்பாவும்தான்மா. சண்டை முடிஞ்சப்புறம்" என்றாள்.